தாவக் கற்கும் ரோபோக்கள்

வலுவூட்டல் கற்றல் என்பது, ஒன்றைச் செய்து பார்த்து, அதற்குக் கிடைக்கும் மதிப்பெண்ணைக் கொண்டு கணினி தன் செயலைத் தானே திருத்திக்கொள்ளும் முறையாகும். கால்களுள்ள ரோபோக்களுக்கு நடக்கவும் தாவவும் இம்முறையில் கற்பிக்கின்றனர்.

தொடக்கம்

1961இல் பிரித்தானிய அறிஞர் டொனால்டு மிக்கி, 304 தீப்பெட்டிகளையும் வண்ண மணிகளையும் கொண்டு, பெருக்கல்-பூஜ்யம் ஆட்டத்தைக் கற்கும் கருவி ஒன்றை அமைத்தார். வென்றால் பெட்டியில் மணி கூடும், தோற்றால் குறையும். இத்தகைய கற்றலை ஆண்ட்ரூ பார்ட்டோவும் ரிச்சர்டு சட்டனும் 1980களில் கணித முறையாக வளர்த்தனர். இதற்காக 2024ஆம் ஆண்டுக்கான டூரிங் விருது அவர்களுக்கு வழங்கப்பட்டது. பார்ட்டோவிடம் முனைவர் பட்டம் பெற்ற பலராமன் ரவீந்திரன், சென்னை ஐ.ஐ.டி.யில் இத்துறையை வளர்த்தவர்.

விதியும் கற்றலும்

1980களின் தொடக்கத்தில் அமெரிக்காவில் மார்க் ரெய்பர்ட் உருவாக்கிய ஒற்றைக்கால் ரோபோ துள்ளித் துள்ளிச் சென்றது. ஆனால் அது எதையும் கற்கவில்லை. ஆரணிப் பட்டுத்தறியின் ஜக்கார்டு அட்டை எந்த இழை மேலெழ வேண்டும் என்று முன்பே சொல்லிவிடுவதுபோல, அதன் சமநிலை விதிகளை மனிதரே எழுதினர். வலுவூட்டல் கற்றலில் அப்படி அட்டை இல்லை. இலக்கும் மதிப்பெண்ணும் மட்டுமே உண்டு.

தாவலின் சிக்கல்

கால் தரையை விட்டபின் உந்துவதற்குப் பிடிமானம் இல்லை. எழும்பும்போது நேர்ந்த பிழை, இறங்கும்போதுதான் தெரியும். ஆயிரக்கணக்கான முறை விழுந்தால் ரோபோ உடைந்துபோகும். எனவே முதற்பயிற்சி கணினிப் பாவனையில் நடக்கிறது. உயரத்துக்கு மட்டும் மதிப்பெண் தந்தால் ரோபோ எப்படியாவது எழும்பித் தலைகுப்புற விழக்கூடும். பத்திரமாக இறங்குவதற்கும் மதிப்பெண் தர வேண்டும்.

பெங்களூருவின் ஸ்டாக்

பாவனையில் கற்றது உண்மைத் தரையில் அப்படியே பலிப்பதில்லை. இந்த இடைவெளியைக் குறைக்க, பெங்களூரு இந்திய அறிவியல் கழகத்தில் சிஷிர் கோலத்தாயா உள்ளிட்டோர் ‘ஸ்டாக்’ என்னும் நாற்கால் ரோபோவைக் கொண்டு ஆய்ந்தனர். 2019இல் வெளியான அவர்களது ஆய்வு, பாவனையில் கற்ற நடையிலிருந்து சில அடிப்படை அசைவுகளைப் பிரித்தெடுத்தது. அவற்றைக் கலந்தே நடை, ஓட்டம், நாலுகால் பாய்ச்சல், முன்னங்கால் இரண்டும் பின்னங்கால் இரண்டும் சேர்ந்தெழும் தாவல் ஆகியவற்றை ஸ்டாக் செய்து காட்டியது. ஒவ்வொன்றுக்கும் தனித்தனிப் பயிற்சி தேவைப்படவில்லை. ரோபோவின் மேலுள்ள சிறு கணினிக்கும் சுமை குறைந்தது.

அண்மை நிலை

2023இல் கலிபோர்னியாவின் பெர்க்லி ஆய்வாளர்கள் பயிற்றுவித்த ‘காசி’ என்னும் இருகால் ரோபோ, நின்ற இடத்திலிருந்து 1.4 மீட்டர் தூரம் தாண்டியது, 0.44 மீட்டர் உயர மேடையிலும் ஏறி நின்றது. சக்கரம் செல்லாத இடிபாடுகளிலும் மேடுபள்ளங்களிலும் மீட்புப்பணி செய்ய இத்திறன் உதவும் என்பதே இவ்வாய்வுகளின் எதிர்பார்ப்பு.