எடாயின் ஷ்ர்ட்லு: குப்பைக்கென்றே பிறந்த சொல்

ஓரெழுத்துகூட இரண்டாம் முறை வராத ஆங்கிலச் சொற்களைத் தேடி அகராதியைப் புரட்டுகிறவர்கள் உண்டு. பதிப்புரிமை பெற இயலாதது என்று பொருள்படும் 'அன்காப்பிரைட்டபிள்' அவர்களுக்குப் பெரிய வேட்டை. 15 எழுத்து, ஒன்றும் திரும்பாது. நம்மிடம் இந்த விளையாட்டு எடுபடாது. 247 எழுத்து இருக்கும் இடத்தில் திரும்பாத சொல் தெருவுக்குத் தெரு கிடைக்கும். அங்கே இருப்பதோ 26.

ஆனால் யாரும் தேடாமல், யாரும் யோசித்து உருவாக்காமல், ஓர் இயந்திரத்திலிருந்து உதிர்ந்த சொல் ஒன்றும் உண்டு: எடாயின் ஷ்ர்ட்லு. எழுத்தெழுத்தாகச் சொன்னால் ஈ, டி, ஏ, ஓ, ஐ, என். எஸ், எச், ஆர், டி, எல், யு. (இரண்டு 'டி'யும் ஆங்கிலத்தில் வேறு வேறு எழுத்து, தமிழில் எழுதியதும் விதி உடைந்துவிடுகிறது, என்ன செய்ய!)

இதன் பூர்வீகம் தந்தி. 1830களில் மோர்ஸ் குறியீட்டை வகுத்தபோது, எந்த எழுத்து அதிகம் புழங்குகிறது என்பதை அச்சகத்து ஈய எழுத்துகளின் இருப்பை வைத்தே கணக்கிட்டார்கள். 'ஈ' 12,000, முதல் 'டி' 9,000, ஏ, ஐ, என், ஓ, எஸ் ஐந்தும் தலைக்கு 8,000, பிறகு எச் 6,400, ஆர் 6,200, இரண்டாவது 'டி' 4,400, எல் 4,000, யு 3,400. நம் சொல் அப்போதே கிட்டத்தட்ட முழுதாக அங்கே இருக்கிறது.

அதற்கு உடல் கொடுத்தவர் ஒட்மார் மெர்கென்தாலர். ஜெர்மனியில் கடிகார வேலை பழகி, அமெரிக்காவின் பால்டிமோரில் குடியேறியவர். அவருடைய லைனோடைப் என்ற அச்சுக்கோப்பு இயந்திரம் 1886 ஜூலையில் நியூயார்க் ட்ரிப்யூன் நாளிதழில் ஓடத் தொடங்கியது. கம்பாசிட்டர் ஒவ்வோர் எழுத்தாகப் பொறுக்க வேண்டாம். விசையைத் தட்டினால் மேலேயுள்ள பெட்டியிலிருந்து பித்தளை அச்சு ஒன்று சரிந்து வந்து வரிசையில் நிற்கும். வரி நிறைந்ததும் உருகிய ஈயக் கலவை பாய்ந்து, முழு வரியும் ஒரே வார்ப்பாக வெளியே விழும். எனக்கு இதில் பிடித்தது அடுத்த காட்சிதான். வேலை முடிந்த பித்தளை அச்சுகளை ஒரு கை மேலே தூக்கிச் செல்கிறது. ஒவ்வொன்றின் தலையிலும் சாவிக்கு வெட்டியது மாதிரி பற்கள்; எழுத்துக்கு எழுத்து வெட்டு மாறும். பல் வைத்த தண்டில் தொங்கிக்கொண்டே நகர்ந்து, தன் அறைக்கு மேலே வந்ததும் பிடி விட்டுத் தானாக உள்ளே விழும்.

இதில் 90 விசைகள். அதிகம் புழங்கும் எழுத்துகள் இடக்கை ஓரத்தில், மேலிருந்து கீழாக. முதல் வரிசை எடாயின், இரண்டாவது ஷ்ர்ட்லு. ஓர் எழுத்துக்கு ஒரே விசை. எழுத்து திரும்பாததற்குக் காரணம் அவ்வளவுதான். பாதி வரியில் கை தவறினால் அழித்துத் தட்ட வழியில்லை. அச்சுகளைக் கையால் பிடுங்கித் திருத்துவதைவிட, விரலை அந்த இரண்டு வரிசைகளிலும் மேலிருந்து கீழே இழுத்துவிட்டு, வரியை நிரப்பி வார்த்துத் தூக்கிப் போடுவது சீக்கிரம். கெட்ட வரி என்று பார்த்ததும் தெரியவும் தெரியும். தெரிந்தும் எடுக்க மறந்தால்? மறுநாள் காலை, மந்திரி பேச்சுக்கும் மரண அறிவிப்புக்கும் நடுவே எடாயின் ஷ்ர்ட்லு உட்கார்ந்திருக்கும்.

அடிக்கடி கண்ணில் பட்டதால் அதற்கு ஆள் முகம் வந்துவிட்டது. எல்மர் ரைஸ் 1923இல் எழுதிய 'கூட்டல் இயந்திரம்' நாடகத்தில், தாயைக் கொன்றுவிட்டு மறுஉலகில் திரிகிறவனின் பெயர் ஷ்ர்ட்லு. பிழைக்குப் பிறந்தவனுக்குப் பாவியின் வேடம், பொருத்தமாகத்தான் இருக்கிறது. 1942இல் ஃப்ரெட்ரிக் பிரவுன், சொந்த புத்தி வந்துவிட்ட லைனோடைப்பைப் பற்றி எழுதிய கதைக்கு முழுப் பெயரையுமே தலைப்பாக்கினார்.

அடுத்த தாவல் கணினிக்கு. 1968 முதல் 1970 வரை எம்ஐடியில் டெர்ரி வினோகிராட் ஒரு நிரல் எழுதினார். திரையில் வரைந்த கட்டைகளைப் பற்றிச் சாதாரண ஆங்கிலத்தில் தட்டச்சிட்டால் அது புரிந்துகொள்ளும். பெரிய சிவப்புக் கட்டையை எடு என்றால் எடுக்கும். ஏன் எடுத்தாய் என்றால் காரணமும் சொல்லும். கட்டைகளுக்கு வெளியே அதற்கு உலகமே கிடையாது. அந்த நிரலுக்கு அவர் வைத்த பெயர் ஷ்ர்ட்லு.

அதே கணினிதான் லைனோடைப்பின் கணக்கையும் முடித்தது. நியூயார்க் டைம்ஸ் ஈய வார்ப்பில் கோத்த கடைசி இதழ் 1978 ஜூலை 2 தேதியிட்டது. அந்த இரவைப் படம்பிடித்த ஆவணப்படத்தின் பெயர் 'ஃபேர்வெல், எடாயின் ஷ்ர்ட்லு'. மறுவருடம் டக்ளஸ் ஹாஃப்ஸ்டாடரின் 'கெடெல், எஷர், பாக்' வெளிவந்தது. அதில் வினோகிராடின் நிரலோடு ஒரு மனிதர் உரையாடும் பகுதி உண்டு. அந்த மனிதருக்கு ஹாஃப்ஸ்டாடர் சூட்டிய பெயர் ஈடா ஓயின்.