தொலைபேசிக்கு அதன் எண்ணைச் சொல்வது யார்?

இந்த முறை தொலைபேசி பற்றி எழுதுகிறேன். "கண்டுபிடித்தவர் கிரகாம் பெல்" என்று தொடங்கும் பள்ளிக்கூடக் கட்டுரை அல்ல, பயப்பட வேண்டாம்.

தக்கலையில் எங்கள் வீட்டு எண் 04651 என்று தொடங்கும். (பக்கத்து நாகர்கோவிலுக்கு 04652.) செம்புக் கம்பியை எடுத்துவிட்டு ஃபைபர் போட வந்தவர், ஒரு வெள்ளைப் பெட்டியைச் சுவரில் மாட்டி, எங்கள் பழைய போனை அதில் செருகினார். எண்ணை அதில் எங்குமே அடிக்கவில்லை. விளக்குகள் கொஞ்ச நேரம் மினுக்கின. அம்மா செல்போனிலிருந்து பழைய எண்ணுக்கு அடித்தார். மணி அடித்தது!

"மக்களே, இந்தப் பெட்டிக்கு நம்ம நம்பரு எப்பிடித் தெரிஞ்சுது?" என்றார் ஆச்சி. நல்ல கேள்வி.

உண்மையில், பழைய போனுக்கும் தன் எண் தெரியாது. 1882 ஜனவரியில் கல்கத்தா, பம்பாய், சென்னையில் எக்ஸ்சேஞ்சுகள் திறந்தபோது, இணைப்பு என்பது பலகையில் ஒரு துளை. எந்தத் துளை யாருடையது என்பது அங்கே உட்கார்ந்திருந்த ஆபரேட்டருக்குத் தெரியும், அவ்வளவுதான். அமெரிக்காவில் ஸ்ட்ரோஜர் என்பவர் 1891இல் ஆபரேட்டர் இல்லாத எக்ஸ்சேஞ்சுக்குக் காப்புரிமை பெற்றார். அவர் இறுதிச்சடங்கு ஏற்பாடு செய்பவர். ஆபரேட்டர் தன் வாடிக்கையாளர்களைப் போட்டிக் கடைக்குத் திருப்பிவிடுகிறார் என்ற சந்தேகத்தில்தான் இதைச் செய்தாராம்! இந்தியாவின் முதல் தானியங்கி எக்ஸ்சேஞ்ச் 1913-14இல் சிம்லாவில் வந்தது, 700 இணைப்புகளுடன்.

ஆபரேட்டர் போனாலும் எண் கம்பியிலேயேதான் இருந்தது. தெருவிலிருந்து வரும் ஜோடிக் கம்பியையும் உள்ளே இருக்கும் எண்ணையும் ஒரு சட்டத்தில் ஜம்பர் வயரால் இணைப்பார்கள். வீடு மாறினால் யாராவது போய் அந்த வயரைப் பிடுங்கி வேறு இடத்தில் கட்ட வேண்டும். அந்தக் காலத்து 'கான்ஃபிகரேஷன்' இதுதான்.

1984இல் தொடங்கிய சி-டாட் நிறுவனம், 128 இணைப்புகள் கொண்ட கிராமப்புற எக்ஸ்சேஞ்சை உருவாக்கியது. முதலாவது 1986இல் கர்நாடகத்தின் கிட்டூரில் வைக்கப்பட்டது. ஏசி இல்லாமலே ஓடும் என்பதால் சிற்றூர்களுக்கெல்லாம் போய்ச் சேர்ந்தது. என் பார்வையில் இன்னொரு விஷயம் முக்கியம்: இத்தகைய மின்னணு எக்ஸ்சேஞ்சுகளில் எண் என்பது கணினி நினைவகத்தில் ஒரு வரியாகிவிட்டது.

அடுத்து போனே கணினியானது. இணையவழிப் பேச்சுக்கான 'சிப்' நெறிமுறை 1999இல் வெளிவந்தது. இந்தியா 2002 ஏப்ரலில் இணையத் தொலைபேசிக்குக் கட்டுப்பாடுகளுடன் அனுமதி தந்தது. ஆனால் ஓர் அலுவலகத்தில் 200 போன் இருந்தால், ஒவ்வொன்றிலும் எண், கடவுச்சொல், சர்வர் முகவரி என்று யார் உட்கார்ந்து அடிப்பது? விடை பழைய சரக்கிலேயே இருந்தது. வட்டு இல்லாத கணினிகளுக்காக 1980களிலேயே செய்துவைத்த ஏற்பாடு அது. போனைச் செருகியதும் "நான் யார்?" என்று வலையில் கூவும். டிஎச்சிபி சர்வர் ஒரு முகவரியைக் கொடுத்து, "மீதியை அந்த சர்வரில் கேள்" என்று, 66 என்ற எண்ணிட்ட குறிப்பில் சொல்லும். போன் அங்கே போய், தன் உடலில் பதிந்த 12 இலக்க மேக் முகவரியின் பெயரில் இருக்கும் கோப்பை வாங்கிக்கொள்ளும். எண், கடவுச்சொல், கடிகார நேரம் எல்லாம் அதற்குள் இருக்கும். வீட்டுப் பெட்டிகளைத் தொலைவிலிருந்தே அமைக்க டிஆர்-069 என்ற தரம் 2004இல் வந்தது. எங்கள் வீட்டுக்கு வந்தவரும் பெட்டியின் சீரியல் எண்ணை மட்டும் அலுவலகத்துக்கு வாசித்துச் சொன்னார். ஆச்சிக்கான பதில் அதுதான்.

இதில் ஒரு வில்லங்கம் உண்டு. கோப்பைக் கொண்டுவரும் டிஎஃப்டிபி முறைக்குப் பூட்டே கிடையாது. மேக் முகவரியோ போனின் அடியிலேயே அச்சடித்திருக்கும். அதைத் தெரிந்தவன் அதே வலையிலிருந்து கேட்டால், கடவுச்சொல்லோடு கோப்பு அவனுக்கும் கிடைத்துவிடலாம். அப்புறம் அவன் வெளிநாட்டுக்குப் பேசுவான், பில் நமக்கு வரும்! அதனால்தான் பிறகு எச்டிடிபிஎஸ், சான்றிதழ் என்று பூட்டுகள் சேர்ந்தன.

எல்லாம் விளக்கிய பிறகு ஆச்சி இரண்டாவது கேள்வி கேட்டார்: "கரண்டு போனா?"

பழைய போனுக்கு எக்ஸ்சேஞ்ச் பேட்டரியிலிருந்து 48 வோல்ட் அதே செம்புக் கம்பியில் வந்துகொண்டிருந்தது. ஃபைபரில் வெளிச்சம் மட்டுமே வரும். 2017 நவம்பர் 30 அன்று ஒக்கிப் புயல் நம் மாவட்டத்தில் ஆயிரக்கணக்கான மின்கம்பங்களைச் சாய்த்தது. பல ஊர்களில் நாள்கணக்கில் மின்சாரம் இல்லை. கம்பி அறுந்தால் செம்பும் ஊமைதான், ஒப்புக்கொள்கிறேன். ஆனால் கம்பி நன்றாக இருந்து கரண்ட் மட்டும் போன ராத்திரிகளில் பழைய போன் பேசும். எங்கள் வெள்ளைப் பெட்டிக்கு அப்போது தன் எண் மட்டுமல்ல, எதுவுமே தெரியாது. அதற்கு ஒரு சின்ன யுபிஎஸ் வாங்க வேண்டும் என்று அப்பாவிடம் சொல்லியிருக்கிறேன்.