தண்ணீர் போல ஒரு மருந்து பிறந்த கதை

1780களின் தொடக்கத்தில் இங்கிலாந்தில் ஒரு சொட்டு மருந்து சக்கைப்போடு போட்டது. விட்டுவிட்டு வந்து ஆளை உலுக்கும் குளிர்காய்ச்சலுக்கு அது கைகண்ட மருந்து என்று பேச்சு. தாமஸ் வில்சன் என்பவர் அதற்குக் காப்புரிமை வாங்கியிருந்தார். ‘சுவையற்ற சொட்டு’ என்றுதான் விளம்பரம் சொன்னது. உள்ளே என்ன இருக்கிறது என்பது பரம ரகசியம். ஸ்டாஃபர்ட் நகர மருத்துவமனையில் டாக்டராக இருந்த தாமஸ் ஃபவுலருக்கு அந்த ரகசியம் உறுத்தியது. அங்கே மருந்து கலந்துகொடுத்துவந்த ஹியூஸுடன் சேர்ந்து சொட்டின் சூட்சுமத்தைத் துருவினார். கிடைத்த விடை இருவரையும் திடுக்கிட வைத்திருக்க வேண்டும். உள்ளே இருந்தது எலிப் பாஷாணம்.

நம் சித்த மருத்துவர்கள் அறுபத்து நான்கு பாஷாணங்களில் ஒன்றாக எண்ணிய வெள்ளைப் பாஷாணம்தான் அது, வேதியியல் மொழியில் ஆர்சனிக் டிரையாக்சைடு. மணம் கிடையாது, சுவை கிடையாது. சூப்பில் கலந்தாலும் கஞ்சியில் கலந்தாலும் நாக்குக்குத் தெரியாது. சொத்துக்காகப் பெரியவர்களைத் தீர்த்துக்கட்டப் பலர் அதைத் தேடிப் போனதால், ஐரோப்பாவில் ‘வாரிசுப் பொடி’ என்றே அதற்கு ஒரு பெயர் இருந்தது. ஃபவுலர் அந்தப் பொடியைப் பொட்டாசியம் கார்பனேட்டுடன் சேர்த்துத் தண்ணீரில் கொதிக்கவைத்து, நூற்றுக்கு ஒரு பங்கு பாஷாணம் இருக்கும்படி கரைசலாக்கினார். பார்வைக்குப் பச்சைத் தண்ணீர். மருந்து என்று தெரிய வேண்டுமே என்று லாவண்டர் சாறு சேர்த்து நிறமும் மணமும் கொடுத்தார். 1786இல் புத்தகமாகவும் எழுதிவிட்டார். அடுத்த நூற்றைம்பது ஆண்டுகள் டாக்டர்களின் பையில் ‘ஃபவுலர் கரைசல்’ இடம்பிடித்தது. 1865இல் லிசாயர் என்ற ஜெர்மன் மருத்துவர் அதை ஒரு ரத்தப்புற்று நோயாளிக்குக் கொடுத்துப் பார்த்தார். கொஞ்ச காலம் நோயாளி தேறினார். ஆனால் நாள்பட உட்கொண்டவர்களின் தோல் கறுத்தது, உள்ளங்கையும் பாதமும் காய்த்துப்போயின, சிலருக்குத் தோல் புற்றே வந்தது. எக்ஸ்ரே சிகிச்சையும் புதிய மாத்திரைகளும் வந்ததும் பாஷாணம் அலமாரியை விட்டே இறங்கியது. அதோடு கதை முடிந்தது என்றுதான் எல்லோரும் நினைத்தார்கள்.

வேதியியலாளர்கள் மட்டும் அதை விடவில்லை. வெள்ளைப் பொடி தண்ணீரில் கரையும்போது ஆர்சீனியஸ் அமிலமாக மாறுகிறது என்பது தெரிந்திருந்தது. விசித்திரமான அமிலம் அது. தண்ணீரை வற்றவைத்தால் மறுபடி பழைய பொடியாகிவிடும். தனியாகப் பிடித்துக் குப்பியில் அடைக்க யாராலும் முடியவில்லை. அதைவிட முக்கியம், அது மிக மென்மையான அமிலம். கந்தக அமிலம் போலச் சுடாது, அரிக்காது. நம் ரத்தத்தில் கலந்தால் நூற்றில் தொண்ணூற்றெட்டு மூலக்கூறுகள் மின்னூட்டம் எதுவும் இல்லாமல் சாதுவாக இருக்கும். அந்தச் சாதுத்தன்மைதான் ஆபத்து. மின்னூட்டம் இல்லாததால், கிளிசரின் போகவென்று செல்லின் சவ்வில் இருக்கும் வாசல் வழியே அதுவும் நுழைந்துவிடுகிறது. மேற்கு வங்கத்திலும் வங்கதேசத்திலும் குழாய்க் கிணற்றுத் தண்ணீரில் கலந்திருக்கும் ஆர்சனிக்கை வடிகட்டுவது பெரும்பாடானதற்கும் இது ஒரு காரணம். மின்னூட்டத்தைக் கொண்டு பிடிக்கும் வடிகட்டிகளிலிருந்து அது நழுவிவிடும். உள்ளே போனபின் என்ன செய்கிறது என்பதை இரண்டாம் உலகப் போர்க்காலத்தில் ஆக்ஸ்ஃபர்டில் ருடால்ஃப் பீட்டர்ஸ் குழு கண்டுபிடித்தது. ஆர்சனிக்குக்குக் கந்தகத்தின் மேல் தீராத ஒட்டுதல். செல்லின் அடுப்பை எரியவைக்கும் நொதிகளில் எங்கே கந்தகம் தலைநீட்டுகிறதோ அங்கே போய்க் கவ்விக்கொள்ளும், அடுப்பு அணையும். கொலையின் சூத்திரம் அவிழ்ந்துவிட்டது. அதே சூத்திரம் உயிரைக் காக்கும் என்று அப்போது யாரும் கனவிலும் நினைக்கவில்லை.

1957இல் நார்வேயின் ஹில்லெஸ்டாட் மூன்று நோயாளிகளைப் பற்றி எழுதினார். ரத்தப்புற்றிலேயே மிக மூர்க்கமான வகை. ரத்தம் உறையாமல் பெருகி, சில வாரங்களில் ஆளைக் கொன்றது. அக்யூட் புரோமைலோசைட்டிக் லுகேமியா என்று அதற்குப் பெயர் வைத்தார். பெயர் கிடைத்தது, மருந்து கிடைக்கவில்லை.

1970களின் தொடக்கம். வடகிழக்குச் சீனத்தின் ஹார்பின் நகர மருத்துவர்களின் காதில் ஒரு சேதி விழுந்தது: கிராமத்து நாட்டு வைத்தியர் ஒருவர் புற்றுநோயைக் குணமாக்குகிறாராம். டாக்டர் ஜாங் டிங்டாங் அதை ஏளனம் செய்து ஒதுக்கவில்லை, நேரில் போய்ப் பார்த்தார். வைத்தியரின் கலவையில் மூன்று சரக்குகள்: ஆர்சனிக், பாதரச உப்பு, தேரையின் நஞ்சு. மருந்தாளர் ஹான் தையுன் அதை ஊசி மருந்தாக மாற்றினார். சில நோயாளிகள் தேறினார்கள். ஆனால் பாதரசம் சிறுநீரகத்தைப் பதம் பார்த்தது, தேரை நஞ்சு ரத்த அழுத்தத்தை ஏற்றியது. ஜாங் ஒவ்வொன்றாகக் கழித்துப் பார்த்தார். பாதரசத்தை எடுத்தார், பலன் குறையவில்லை. தேரை நஞ்சை எடுத்தார், அப்போதும் குறையவில்லை. மிஞ்சியது பழைய வெள்ளைப் பாஷாணம். ஹில்லெஸ்டாட் சொன்ன அந்த மூர்க்க வகைக்குத்தான் அது மிக நன்றாகக் கேட்டது. ஆனால் எழுதியதெல்லாம் சீன மொழியில். வெளியுலகத்துக்கு எட்டவே இருபது ஆண்டுகளுக்கு மேல் ஆனது.

1990களின் பிற்பகுதியில் ஷாங்காய் ஆய்வாளர்கள் ஆங்கிலத்தில் எழுதிய பிறகு உலகம் விழித்துக்கொண்டது. 1998இல் நியூயார்க்கில், நோய் திரும்பிவந்த 12 பேருக்குக் கொடுத்துப் பார்த்ததில் 11 பேரிடம் நோயின் சுவடு மறைந்தது. இந்தக் கதையில் என் மனதுக்கு மிக நெருக்கமான இடம் அதே ஆண்டு, நம் வேலூரில் வருகிறது. எலும்பு மஜ்ஜை மாற்றுச் சிகிச்சையை 1986இலேயே செய்துகாட்டிய சி.எம்.சி. மருத்துவமனை அது. வழக்கமான சிகிச்சைக்கு வரும் செலவைக் கேட்டாலே பல குடும்பங்கள் நோயாளியை வீட்டுக்குக் கூட்டிப்போய்விடும் நிலை. மம்மன் சாண்டி, விக்ரம் மேத்யூஸ் முதலான மருத்துவர்கள் ஒரு துணிச்சலான முடிவெடுத்தார்கள். மருத்துவமனை மருந்தகத்திலேயே ஆர்சனிக் ஊசியைத் தயாரித்து, நோய் புதிதாகக் கண்டவர்களுக்கும் அதை மட்டுமே முதல் மருந்தாகக் கொடுத்தார்கள். பெரியவர்களுக்கு நாளுக்குப் பத்து மில்லிகிராம். 2004 முடிவு வரை 72 பேர். 2006இல் கணக்கு வெளியானபோது, 62 பேரிடம் நோய் முழுதாக அடங்கியிருந்தது. சில வாரங்களில் கொல்லும் நோய்க்கு, மூன்றாண்டு உயிர்வாழ்வு நூற்றுக்கு 86! வசதியில்லாதவர்களுக்காக எடுத்த முடிவு வசதியுள்ள நாடுகளையும் யோசிக்கவைத்தது. ஆனால் ஒரு கேள்வி மட்டும் நின்றது. எல்லாச் செல்லையும் கொல்லக்கூடிய நஞ்சு, இந்தப் புற்றுச் செல்லை மட்டும் எப்படித் தேடிக் கொல்கிறது?

அந்தக் கேள்வியோடு மல்லுக்கட்டியவர்களில் கனடாவின் மான்ட்ரியல்காரர்களும் இருந்தார்கள். அங்கே யூதப் பொது மருத்துவமனையைச் சேர்ந்த லேடி டேவிஸ் ஆய்வு நிறுவனத்தில் டாக்டர் வில்சன் மில்லர் குழு செல்களைத் தட்டில் வளர்த்துப் பார்த்தது. ஒவ்வொரு செல்லுக்குள்ளும் குளுட்டதயோன் என்ற காவலாள் உண்டு. அதன் கையில் கந்தகம். வரும் ஆர்சனிக்கைத் தானே பிடித்துக்கொண்டு செல்லைக் காக்கும். இந்த லுகேமியா செல்களில் காவல் குறைவு. காவல் கூடுதலாக இருந்து, மருந்துக்கு மசியாத செல்களில் குளுட்டதயோனை வற்றச்செய்ததும் அவையும் விழுந்தன. பிறகு வைட்டமின் ஈ-யின் உறவான டிரோலாக்ஸைச் சேர்த்தார்கள். செல்லைப் பாதுகாக்கும் சரக்கு என்று பெயரெடுத்தது அது. மருந்தின் வேகத்தைக் குறைத்துவிடும் என்று எதிர்பார்ப்பதுதான் இயல்பு. நடந்தது நேர்மாறு. 2005இல் அவர்கள் வெளியிட்ட முடிவில், புற்றுச் செல்கள் இன்னும் வேகமாகச் செத்தன, நல்ல செல்கள் பிழைத்தன. தட்டில் கண்ட அதிசயம்தான். ஆனாலும் புதிருக்கு அது ஒரு சாவி. பூட்டு முழுதாகத் திறந்தது 2010இல், மறுபடி சீனத்தில்.

இந்த நோயை உண்டாக்குவது, இரண்டு புரதங்கள் தவறாக ஒட்டிப் பிறந்த ஒரு கலப்புப் புரதம். அதன் ஒரு பாதியில் கந்தகம் வரிசையாகத் தலைநீட்டி நிற்கிறது. ஆர்சனிக் வேறெதையும் புதிதாகச் செய்யவில்லை. வாரிசுப் பொடியாக நொதிகளைக் கவ்விய அதே பிடியால், நோயின் வேரான அந்தப் புரதத்தைக் கவ்வியது. செல்லே அந்தப் புரதத்தைச் சிதைத்துத் தள்ளியது. 2013இல் இத்தாலிய, ஜெர்மானிய மருத்துவர்கள், நோயின் தீவிரம் அதிகமில்லாதவர்களுக்கு, வைட்டமின் ஏ-யின் உறவான இன்னொரு மருந்தோடு இதைச் சேர்த்துக் கொடுத்து, முடி கொட்டவைக்கும் கீமோதெரபியே வேண்டாம் என்று நிரூபித்தார்கள்.

இன்று மான்ட்ரியலின் ரத்தநோய் வார்டுகளிலும் வேலூரிலும் நர்ஸ் கையிலெடுக்கும் சின்னக் கண்ணாடிக் குப்பி அதுதான்: பத்து மில்லியில் பத்து மில்லிகிராம் ஆர்சனிக் டிரையாக்சைடு. உலக சுகாதார நிறுவனம் ஏறக்குறைய எழுநூற்றைம்பது லிட்டர் குடிநீருக்கு அனுமதிக்கும் ஆர்சனிக்கின் அளவு அந்த ஒரு குப்பியில் இருக்கிறது. அதே பொடி கனடாவின் வடக்கே யெல்லோநைஃபின் மூடிப்போன தங்கச் சுரங்கத்தில் 2,37,000 டன் புதைந்து கிடக்கிறது. வார்டில் முதலில் இ.சி.ஜி. எடுப்பார்கள், பொட்டாசியமும் மெக்னீசியமும் சரியாக இருக்கின்றனவா என்று பார்ப்பார்கள். இதயத்துடிப்பின் தாளம் பிசகக் கூடாது. பிறகு குளுக்கோஸ் பையில் கலந்து ஒன்றிரண்டு மணி நேரம் சொட்டுச் சொட்டாக ஏற்றுவார்கள். நிறமில்லை, மணமில்லை. லாவண்டர் சேர்ப்பதை எப்போதோ நிறுத்திவிட்டார்கள். பையில் ஒட்டிய சீட்டை இரண்டு நர்ஸுகள் சேர்ந்து வாய்விட்டுப் படித்துச் சரிபார்க்கிறார்கள்.