இடையன் யாருக்கு அஞ்சினான்?

எட்வின் ஆர்னால்டு என்னும் ஆங்கிலக் கவிஞர், புனாக் கல்லூரியில் முதல்வராயிருந்து இந்நாட்டை நேரிற் கண்டவர். 1879-இல் புத்தர் வரலாற்றைக் காவியமாக்கினார். அதைத் தழுவி 1941-இல் 'ஆசிய ஜோதி'யைத் தமிழுக்குத் தந்தவர், நாஞ்சில் நாட்டுத் தேரூரில் பிறந்த கவிமணி தேசிகவிநாயகம்.

அதிலே ஒரு காட்சி. நோன்பால் மெலிந்து மயங்கிக் கிடக்கிறார் புத்தர். ஆட்டிடையச் சிறுவன் ஒருவன் தழை ஒடித்து நிழல் அமைக்கிறான்; ஆட்டின் மடியிலிருந்தே அவர் வாயிற் பாலைக் கறந்து உயிர் காக்கிறான். கண் விழித்தவர் கலத்திலே பால் கேட்கிறார். சிறுவனோ, தாழ்ந்தவன் தொட்டால் தீட்டாகுமே என்று நடுங்குகிறான்.

தோழர்களே, எண்ணிப் பாருங்கள்! அங்கே தடுக்கக் காவலர் உண்டா? தண்டிக்க மன்னன் உண்டா? எவரும் இல்லை! உதவ நீண்டது மனித இயற்கை. பின்னுக்கு இழுத்தது உள்ளத்திலே பூட்டிய விலங்கு. குருதிக்கும் கண்ணீருக்கும் குலம் ஏது என்று கேட்டு, அவ்விலங்கை உடைக்கிறார் புத்தர்.

வெறும் ஏட்டுக் கதையா இது? தேரூருக்கு அருகே சுசீந்திரத்தில், கோயிலைச் சுற்றிய தெருக்களில் நடக்கும் உரிமைக்கே 1926-இல் அறப்போர் நடத்த நேர்ந்ததே! 1936 நவம்பர் 12-இல் திருவிதாங்கூர் மன்னரின் ஆணை கோயிற் கதவைத் திறந்தது. ஐந்தாண்டு கழித்து வந்தது கவிமணியின் நூல்.

ஆணை கதவைத் திறக்கும், அச்சத்தை அகற்றுமா? 'நான் தாழ்ந்தவன்' என்னும் எண்ணமும், 'நான் உயர்ந்தவன்' என்னும் எண்ணமும் ஒருங்கே ஒழிய வேண்டும். ஒழிப்பது அறிவின் வேலை. இடையன் தயங்காமல் கலத்தை நீட்டும் நாளே விடுதலை நாள்!