குட்டையாய் நின்றுபோன ஜிலேபி

கோடையில் அரியலூர், பெரம்பலூர் பக்கத்து ஏரிகள் வற்றத் தொடங்கினால், கரையோரச் சேற்றில் தட்டுத் தட்டாய் வட்டக் குழிகள் தெரியும். ஜிலேபி கெண்டையின் ஆண் மீன் வாயாலேயே தோண்டிய பள்ளங்கள் அவை. பெண் மீன் அதில் முட்டையிட்ட கையோடு முட்டைகளை வாய்க்குள் அள்ளிக்கொள்ளும். குஞ்சுகள் தாமாக நீந்தும் வரை ஏறக்குறைய பட்டினிதான். குஞ்சுக்கு அதைவிடப் பத்திரமான இடம் கிடையாது. ஆனால் தாயின் வளர்ச்சி அங்கேயே தடைப்பட்டுவிடுகிறது.

இது நம் ஊர் மீன் அல்ல. பூர்வீகம் ஆப்பிரிக்காவின் தென்கிழக்கு ஆறுகள். 1939இல் ஜாவா தீவில் தென்பட்டது. இரண்டாம் உலகப் போர்க் காலத்திலும் அதன் பிறகும் தென்கிழக்கு ஆசியா முழுக்கப் பரவியது. 1952இல் இந்தியாவுக்கு வந்து மண்டபம் என்னும் ஊரில் வளர்க்கப்பட்டது. உணவுத் தட்டுப்பாட்டுக் காலம் அது. பாசியைத் தின்று, கலங்கல் தண்ணீரிலும் பிழைத்து, தானாகவே பெருகும் மீன் என்றால் யார்தான் வேண்டாம் என்பார்கள்?

பெருகியதுதான் வினையாயிற்று. இரண்டு மூன்று மாதத்திலேயே சினைக்கு வந்துவிடும். சூடு குறையாத நம் தண்ணீரில் ஆண்டு முழுவதும் திரும்பத் திரும்பக் குஞ்சு பொரிக்கும். இரை அதே அளவு, வாய்களோ பல மடங்கு. தின்றதெல்லாம் சினைக்கே போக, உடம்பு விரல் நீளத்தோடு நின்றுவிடும். தலை பெரிதாகவும் உடல் ஒடுங்கியும் இருக்கும் மீனைக் கையில் எடுத்தாலே அது வயதான குட்டை என்று தெரிந்துவிடும். கட்லாவுக்கும் ரோகுவுக்கும் போட்டியாகிறது என்று 1959இல் இதைப் பரப்புவதற்குத் தடை வந்தது. ஆனால் கலிங்கு வழியே ஏரிக்கு ஏரி தண்ணீர் இறங்கும் நாட்டில் மீனுக்கு ஏது வேலி?

குட்டை ரகம் என்று இந்த மீனைப் பழிப்பது நியாயமில்லை. இடமும் இரையும் கிடைத்தால் இதே மீன் ஒரு அடிக்கு மேல் நீண்டு, ஒரு கிலோவைத் தொடும். குஞ்சுகளை விரால் தின்று கழிக்கும் குளத்தில் மிஞ்சியவை நன்றாகத் தேறும். குறை நெரிசலில்தான்.

இதே குடும்பத்தைச் சேர்ந்த நைல் திலேப்பியாவை வைத்து 1988இல் பிலிப்பைன்ஸில் ஒரு வேலை தொடங்கியது. எகிப்து, கானா, கென்யா, செனகல் ஆறுகளில் பிடித்த மீன்களையும் ஆசியப் பண்ணை மீன்களையும் கலந்து, தலைமுறைதோறும் வேகமாக வளர்ந்தவற்றையே தாய் மீன்களாகப் பொறுக்கினார்கள். அதில் பிறந்ததுதான் கிஃப்ட் திலேப்பியா. சீர்காழியைத் தலைமையிடமாகக் கொண்ட ராஜீவ் காந்தி நீர்வாழ் உயிரின வளர்ப்பு மையம், விஜயவாடா அருகே இந்த ரகத்தை இந்தியாவுக்கென வளர்த்தெடுத்தது. பண்ணைகளில் ஆண் குஞ்சுகளை மட்டும் விடுவது வழக்கமானது. இனப்பெருக்கம் நின்றதும் தின்னும் தீவனம் சதையாயிற்று.

வீட்டுத் தொட்டியில் நீந்தும் ஏஞ்சல், ஆஸ்கர், ஃபிளவர்ஹார்ன் எல்லாம் இந்த ஜிலேபியின் சொந்தக்காரர்கள்தான். சென்னை கொளத்தூரில் வீட்டுக்கு வீடு தொட்டி கட்டிக் குஞ்சு எடுப்பவர்கள் முதலில் செய்வது தரம் பிரிப்பது. பெரியதும் சிறியதும் ஒன்றாய்க் கிடந்தால் பெரியது விரட்டியே சிறியதைப் பட்டினி போட்டுவிடும். வளராத மீனுக்கு மருந்து தேடுவதற்கு முன் மீன்களின் எண்ணிக்கையைக் குறையுங்கள். வாரம் ஒருமுறை கால்பங்கு, மூன்றிலொரு பங்கு தண்ணீரை மாற்றுங்கள். கழிவிலிருந்து வரும் அம்மோனியா பசியையே கொன்றுவிடும். குஞ்சுகளுக்கு ஒரே வேளையாய்க் கொட்டாமல் நாளுக்கு மூன்று நான்கு தடவை கொஞ்சம் கொஞ்சமாகப் போடுங்கள். குளோரின் வாடையுள்ள குழாய்த் தண்ணீரை நேராக ஊற்ற வேண்டாம். ஜோடி சேர்ந்து முட்டையிட்டுக்கொண்டே இருந்தால் கொஞ்ச காலம் பிரித்து வையுங்கள். குஞ்சுப் பருவத்தில் நெடுநாள் நெரிசலில் கிடந்த மீன் பிறகு முழு அளவுக்கு வருவது கடினம். அதனால் இதையெல்லாம் முதல் மாதங்களிலேயே செய்ய வேண்டும்.

தொட்டி கொள்ளாமல் வளர்ந்துவிட்டால் கடைக்காரரிடமே திருப்பிக் கொடுத்துவிடுங்கள். 1952இல் வந்த மீனையே இன்னும் நம் ஏரிகளிலிருந்து அகற்ற முடியவில்லை. அரியலூர்ப் பக்கத்துக் கரைவெட்டி ஏரியிலோ உங்கள் ஊர் ஏரியிலோ இன்னொன்றைக் கொண்டுபோய் விட்டுவிடாதீர்கள்.