கோட்டை வாசலும் நம்பிக்கையும்

வேளாங்கண்ணிக்கு வடக்கே, கடற்கரையோரமாய் நாகப்பட்டினத்தையும் காரைக்காலையும் கடந்து செல்வோர் தரங்கம்பாடியை அடைகின்றனர். டேனிய அரச முத்திரையும் 1792 என்னும் ஆண்டும் தாங்கிய நகரவாசல் அங்கே இன்றும் நிற்கிறது. ஊரைச் சூழ்ந்த மதிலோ அதனினும் ஒரு நூற்றாண்டுக்கு மேல் முந்தியது.

மதிலில் மிகவும் பலவீனமான இடம் வாசலே. ஆகவேதான் இடைக்கால ஐரோப்பியர் ஒரே வாயிலில் இரண்டு கதவுகளை அடுத்தடுத்து அமைத்தனர். நம் நாட்டிலோ, யானைகள் மோதி உடைக்காதபடி கதவுகளில் இரும்பு முளைகள் பதித்தனர். செஞ்சியிற் காண்பதுபோல நுழைவழியை வளைத்தும் கட்டினர். ஆயினும் வாசலை அடைத்தே வைத்திருக்கும் நகரம் பிழைப்பதில்லை; அதன் நெல் மதிலுக்கு வெளியேதான் விளைகிறது.

இவ்வுண்மையைத் தஞ்சைக் கோட்டை கண்டறிந்தது. ஐதர் அலி 1780இல் படையெடுத்தபோது நாட்டுப்புறம் பாழாயிற்று. கோட்டைக்குள் சிப்பாய்களும் மக்களும் பசியால் மடிந்தனர். வெளியே தானியம் இருந்தது. அதைக் கொண்டுவர மாடுகள் கிடைக்கவில்லை. முன்னர்க் கூலி பெறாது ஏமாந்த குடியானவர்கள் அரசனையும் நம்பவில்லை, ஆங்கிலேயரையும் நம்பவில்லை. இந்நிலையில் அரசன் சுவார்ட்ஸ் ஐயரின் உதவியை நாடினான். தம் கையாலேயே பணம் கொடுப்பதாக ஐயர் வாக்களித்தார். இரண்டொரு நாட்களில் ஆயிரம் மாடுகள் வந்து சேர்ந்தன. 80,000 கலம் தானியம் கோட்டைக்குள் சென்றது. ஐயரும் சொன்னபடியே அனைவருக்கும் பணம் கொடுத்தார்.

அவ்வாக்கு ஒரே நாளில் மதிப்புப் பெற்றதன்று என்பதை நாம் கவனிக்கவேண்டும். 1750இல் தரங்கம்பாடியில் வந்திறங்கியது முதல், முப்பது ஆண்டுகளாக அவர் இம்மக்களிடையே அவர்கள் மொழியைப் பேசி, எளிய வாழ்வு வாழ்ந்துவந்தார். அவ்வாழ்வே அவருக்குப் பிணையாயிற்று.

வேதாகமத்திலும் பட்டணவாசல் காவலுக்கு மட்டும் உரிய இடமன்று. போவாஸ் மூப்பரைக் கூட்டி ரூத்தின் காரியத்தைத் தீர்த்தது அங்கேயே. நியாயம் நிலைபெற வேண்டுமென்று ஆமோஸ் முழங்கியதும் அவ்வாசலைக் குறித்தே. ஆகவே திருச்சபையின் வாசலைப்பற்றி நாம் கேட்கவேண்டியது, அது எத்துணை உறுதியானது என்பதன்று. பஞ்சகாலத்தில் வெளியே நிற்கும் உழவன் நம் சொல்லை நம்பித் தன் மாட்டை ஓட்டி வருவானா என்பதே.