ஐஸ் லண்டன் ஃபாக்

ஐஸ் லண்டன் ஃபாக் என்பது ஏர்ல் கிரே தேயிலையின் கெட்டியான டிக்காஷனுடன் குளிர்ந்த பால், வனிலா, லாவெண்டர் பூ ஊறிய சர்க்கரைப் பாகு, ஐஸ் கட்டி ஆகியவற்றைச் சேர்த்துச் செய்யும் குளிர்பானம். ஏர்ல் கிரே என்பது பெர்கமோட் என்ற எலுமிச்சை இனப் பழத்தின் தோல் எண்ணெய் ஏற்றிய கருந்தேயிலை. மூலப் பானமான லண்டன் ஃபாக், பெயரில் லண்டன் இருந்தாலும், கனடாவின் வான்கூவர் நகரில் தோன்றியது. அது சூடாகக் குடிக்கும் பானம். லாவெண்டர் சேர்ந்த குளிர்ந்த வடிவம் அதிலிருந்து கிளைத்தது.

எலுமிச்சைச் சாறு பட்டால் பால் திரிந்துவிடும். அப்படியிருந்தும் இந்தப் பானத்தில் எலுமிச்சை இன மணமும் பாலும் ஒரே கோப்பையில் சேர்ந்திருக்கின்றன. மணம் பழச்சாற்றிலிருந்து வராமல் தோலின் எண்ணெயிலிருந்து வருவதே காரணம். அந்த எண்ணெயில் புளிப்பு கிடையாது. வீட்டில் செய்யும்போது கவனிக்கவேண்டியவற்றில் பெரும்பாலானவை இந்த ஒரு வேறுபாட்டை ஒட்டியவை.

வரலாறு

இரண்டாம் ஏர்ல் கிரே என்ற பட்டம் பெற்ற சார்லஸ் கிரே, 1830 முதல் 1834 வரை பிரிட்டனின் பிரதமராக இருந்தவர். 1832ஆம் ஆண்டின் தேர்தல் சீர்திருத்தச் சட்டமும், 1833ஆம் ஆண்டின் அடிமை ஒழிப்புச் சட்டமும் அவர் ஆட்சியில் நிறைவேறின. சீனத் தேயிலை வணிகத்தில் கிழக்கிந்தியக் கம்பெனிக்கு இருந்த தனியுரிமை முடிவுக்கு வந்ததும் அதே ஆட்சியில்தான். சீன அதிகாரி ஒருவர் நன்றிக்கடனாக அவருக்கு இந்தக் கலவையைப் பரிசளித்தார் என்ற கதை பரவலாக வழங்குகிறது. ஆனால் கிரே சீனாவுக்குப் போனதே இல்லை. பெர்கமோட்டும் சீன மரபில் தேயிலைக்கு மணமூட்டப் பயன்பட்ட பழம் அல்ல.

பெர்கமோட் சேர்த்த தேயிலை தொடக்கத்தில் மதிப்புக்குரிய பொருளாகவும் இருக்கவில்லை. மட்டமான தேயிலைக்கு மணமேற்றி உயர்ந்த சரக்கென விற்கும் தந்திரமாகவே அது பார்க்கப்பட்டது. 1837இல் இங்கிலாந்தில் பிராக்சாப் என்ற வணிக நிறுவனம் இவ்வாறு பெர்கமோட் ஏற்றிய தேயிலையை விற்றதாக வழக்கைச் சந்தித்தது. லண்டன் ஜெர்மின் தெருவில் இருந்த சார்ல்டன் நிறுவனம் 1880களில் கிரே பெயரிட்ட கலவையை விளம்பரம் செய்தது. பின்னாளில் டுவைனிங்ஸ், ஜாக்சன்ஸ் ஆஃப் பிக்கடில்லி ஆகிய இரு நிறுவனங்களுமே இக்கலவைக்கு உரிமை கொண்டாடின.

லண்டன் ஃபாக் 1990களில் பிறந்தது. கர்ப்பகாலத்தில் காபியைத் தவிர்க்க விரும்பிய வாடிக்கையாளர் ஒருவர், வான்கூவரின் பக்வீட் காஃபே என்ற கடையில் ஏர்ல் கிரே தேநீருடன் ஆவியில் நுரைத்த பாலும் வனிலாவும் சேர்த்துக் கேட்டதிலிருந்து இது தொடங்கியதாகச் சொல்லப்படுகிறது. அங்கிருந்து வட அமெரிக்கக் காபிக்கடைகளுக்குப் பரவியது. ஸ்டார்பக்ஸ் போன்ற பெருநிறுவனங்களின் பட்டியலிலும் இடம்பெற்றது.

பெர்கமோட்

பெர்கமோட்டின் தாவரவியல் பெயர் சிட்ரஸ் பெர்கமியா. கசப்பு ஆரஞ்சும் எலுமிச்சையும் கலந்து உருவான கலப்பினம் இது. உலக விளைச்சலில் பெரும்பகுதி இத்தாலியின் தென்கோடியிலுள்ள கலாப்ரியாவில், ரெஜ்ஜோ கலாப்ரியாவை ஒட்டிய கடற்கரைப் பட்டையிலிருந்து வருகிறது. அங்கு எடுக்கப்படும் எண்ணெய்க்கு ஐரோப்பிய ஒன்றியம் 2001இல் புவிசார் பாதுகாப்பு வழங்கியது.

பழத்தின் சாறு புளிப்பும் கசப்பும் மிகுந்தது. மதிப்பெல்லாம் தோலுக்குத்தான். சூடேற்றாமல் தோலைச் சுரண்டிப் பிழிந்து எண்ணெய் எடுக்கிறார்கள். ஒரு கிலோ எண்ணெய்க்கு ஏறக்குறைய 200 கிலோ பழம் வேண்டும். முன்பு தோலைக் கையால் கடற்பஞ்சின் மேல் அழுத்திப் பிழிந்தார்கள். 1844இல் நிக்கோலா பரில்லா என்பவர் இதற்கென ஓர் இயந்திரம் அமைத்தார். தேநீருக்கு வருவதற்கு முன்பே இந்த எண்ணெய் வாசனைத் திரவியத் தொழிலில் பெயர் பெற்றிருந்தது. ஜெர்மனியின் கொலோன் நகரில் ஜோஹன் மரியா ஃபரீனா 18ஆம் நூற்றாண்டின் தொடக்கத்தில் உருவாக்கிய ஓ டி கொலோனின் முக்கியச் சரக்குகளுள் பெர்கமோட்டும் ஒன்று.

மணங்கள் இணைவது எப்படி

பெர்கமோட் எண்ணெயின் பெரும்பகுதி லிமோனீன், லினலைல் அசிட்டேட், லினலூல் என்ற மூன்று சேர்மங்களால் ஆனது. லிமோனீன் எல்லா எலுமிச்சை இனத் தோல்களிலும் உண்டு. மற்ற இரண்டும் பெர்கமோட்டுக்குப் பூவின் சாயலைத் தருகின்றன. லாவெண்டர் எண்ணெயின் முதன்மைச் சேர்மங்களும் இந்த இரண்டே. எனவே லாவெண்டர் சேர்க்கும்போது பானத்துக்குள் அந்நியமான ஒரு மணம் நுழைவதில்லை. பெர்கமோட்டில் ஏற்கெனவே இருக்கும் பூமணம் தூக்கலாகிறது.

கருந்தேயிலையும் இந்த வரிசையில் சேரும். பறித்த இலையில் லினலூல் சர்க்கரை மூலக்கூறுகளோடு பிணைந்து மணமின்றி இருக்கும். வாட்டி உருட்டும்போது இலையின் நொதிகள் அதை விடுவிக்கின்றன. மல்லிகைத் தேயிலையில் புதிய மொட்டுகளை இலையோடு பரப்பி மணம் ஏற்றுவார்கள். ஏர்ல் கிரேயில் காய்ந்து முடிந்த இலையின் மேல் எண்ணெய் தெளிக்கப்படுகிறது. மேற்பூச்சாக இருப்பதால் அந்த மணம் எளிதில் பறந்துபோகும். பொட்டலத்தைக் காற்றுப் புகாமல் வைப்பதும், டிக்காஷனைக் கொதிக்க விடாமல் மூடி ஊறவைப்பதும் இதற்காகவே.

தேயிலை, பூ, பால்

ஏர்ல் கிரேக்குச் சீனாவின் கீமன் தேயிலையை அடித்தளமாகக் கொள்வது பழைய வழக்கம். இன்று இலங்கை, இந்தியத் தேயிலைகளும் பரவலாகப் பயன்படுகின்றன. குளிர்ந்த தேநீருக்கு நீலகிரித் தேயிலை பெயர் பெற்றது. தேநீர் ஆறும்போது காஃபீனும் தேயிலையின் நிறப்பொருள்களும் சேர்ந்து கலங்கல் உண்டாவது வழக்கம்; நீலகிரித் தேயிலையில் அது குறைவு. பால் சேரும் பானத்தில் கலங்கல் தெரியாது என்றாலும், அத்தேயிலையின் இயல்பான பூமணம் பெர்கமோட்டுக்கு ஒத்துப்போகும். அன்றாடப் பால் டீக்கு உதவும் சி.டி.சி. தூளின் துவர்ப்பு பெர்கமோட்டை அமுக்கிவிடும். இலைத் தேயிலையே ஏற்றது.

சமையலுக்கு உரிய லாவெண்டர், லவாண்டுலா அங்கஸ்டிஃபோலியா என்ற இனம். லாவண்டின் எனப்படும் கலப்பினத்தில் கற்பூர வாடை மிகுதி. அதைப் பயன்படுத்தினால் பானம் சோப்பு போல இருக்கும். பிரான்சின் புரோவான்ஸ் பகுதி லாவெண்டர் வயல்களுக்குப் புகழ்பெற்றது. இந்தியாவில் ஜம்மு பகுதியின் பதேர்வாவில், ஜம்முவிலுள்ள சி.எஸ்.ஐ.ஆர். ஆய்வகத்தின் முயற்சியால் இப்பயிர் பரவியது. ஊதாப் புரட்சி என அது பேசப்படுகிறது.

பாலின் பி.எச். அளவு 6.6 முதல் 6.8 வரை. அது 4.6 அளவுக்கு இறங்கும்போது கேசீன் புரதம் பிரிந்து திரியும்; பால் சூடாக இருந்தால் அதற்கு முன்பே திரியும். பால் சேர்க்கும் அளவில் வெறும் தேநீரின் இலேசான புளிப்பு பாலைத் திரிக்காது. எலுமிச்சைச் சாறு சேர்ந்தால் திரித்துவிடும். கேசீன் தேயிலையின் துவர்ப்புப் பொருள்களைப் பற்றிக்கொள்வதால் நாக்கில் துவர்ப்பு குறைகிறது. அதேவேளை பாலின் கொழுப்பு மணச் சேர்மங்களையும் பிடித்துவைத்துக்கொள்ளும். குளிர்ச்சியும் மணத்தை மட்டுப்படுத்தும். இவற்றுக்கு ஈடுகட்டவே டிக்காஷன் வழக்கத்தைவிடக் கெட்டியாக இருக்கவேண்டும்.

செய்முறை

ஒரு பெரிய தம்ளருக்கு வேண்டியவை:

- ஏர்ல் கிரே இலைத் தேயிலை: 6 கிராம், அல்லது 3 டீ பேக்
- தண்ணீர்: 150 மி.லி.
- லாவெண்டர் பாகு: 20 மி.லி.
- வனிலா எசென்ஸ்: சில துளி
- குளிர்ந்த பால்: 120 மி.லி.
- ஐஸ் கட்டி: தம்ளரில் பாதி

பாகு: 100 கிராம் சர்க்கரையையும் 100 மி.லி. தண்ணீரையும் சூடாக்கி, சர்க்கரை கரைந்ததும் அடுப்பை அணைக்கவேண்டும். அதில் ஒரு டேபிள்ஸ்பூன் உலர்ந்த லாவெண்டர் மொட்டைப் போட்டு மூடி, 15 நிமிடம் கழித்து வடிகட்டலாம். அதற்கு மேல் ஊறினால் கசப்பு இறங்கும். எட்டுத் தம்ளர் பானத்துக்குப் போதுமான பாகு கிடைக்கும்; குளிர்சாதனப் பெட்டியில் இரண்டு வாரம் இருக்கும். குளிர்ந்த பானத்தில் சர்க்கரை சரியாகக் கரையாது என்பதால் பாகு தவிர்க்க முடியாதது.

எலுமிச்சை இன மணம் இன்னும் தூக்கலாக வேண்டுமென்றால், ஆரஞ்சு அல்லது எலுமிச்சைத் தோலை வெள்ளைப் பகுதி வராமல் மெல்லிதாகச் சீவி, பாகுக்கான சர்க்கரையில் பிசிறி ஒரு மணி நேரம் வைக்கலாம். சர்க்கரை தோலிலுள்ள எண்ணெயை இழுத்துக்கொள்ளும். சாறு சேராததால் பாலுக்கும் பாதிப்பில்லை. ஏர்ல் கிரே கிடைக்காத இடத்தில், சாதாரண இலைத் தேயிலையோடு இந்தத் தோல் பாகைச் சேர்த்தால் அதற்கு அருகில் வரும்.

டிக்காஷன்: தண்ணீர் கொதித்து அடங்கியதும் தேயிலையின் மேல் ஊற்றி, மூடி, 4 நிமிடம் ஊறவைத்து வடிகட்டவேண்டும். பேக்கையோ இலையையோ பிழியக்கூடாது; பிழிந்தால் துவர்ப்பு கூடும். கெட்டித்தன்மை வேண்டுமென்றால் தேயிலையைக் கூட்டலாமே தவிர நேரத்தைக் கூட்டக்கூடாது.

ஆறவைத்தல்: வடிகட்டிய சூட்டோடு ஐஸில் ஊற்றுவதில்தான் பெரும்பாலான வீட்டு முயற்சிகள் நீர்த்துப்போகின்றன. 80 டிகிரி சூட்டிலுள்ள 150 மி.லி. தேநீரை 5 டிகிரிக்குக் கொண்டுவர ஏறக்குறைய 130 கிராம் ஐஸ் உருகவேண்டும். அதாவது டிக்காஷன் கிட்டத்தட்ட இரு மடங்கு நீர்த்துவிடும். மூடிய பாத்திரத்தில் ஆறவிட்டு, குளிர்சாதனப் பெட்டியில் ஒரு மணி நேரம் வைத்துப் பிறகு ஐஸில் ஊற்றினால் உருகுவது மிகக் குறையும்.

கலத்தல்: பாகையும் வனிலாவையும் தம்ளரின் அடியில் ஊற்றி, டிக்காஷனைச் சேர்த்துக் கலக்கியபின் ஐஸ் போடவேண்டும். பாலை மூடியுள்ள பாட்டிலில் பாதியளவு ஊற்றி அரை நிமிடம் நன்றாகக் குலுக்கினால் நுரை எழும். அதை மேலே ஊற்றலாம். கொழுப்பு நீக்கிய பாலில் நுரை எளிதாக எழும். முழுக்கொழுப்புப் பாலில் சுவை நன்றாக இருக்கும்.

மாற்று முறைகள்

அடுப்பே இல்லாமலும் டிக்காஷன் எடுக்கலாம். 12 கிராம் தேயிலையை 300 மி.லி. குளிர்ந்த நீரில் போட்டு, குளிர்சாதனப் பெட்டியில் 8 முதல் 12 மணி நேரம் வைத்தால் துவர்ப்புக் குறைந்த, மணம் மிகுந்த தேநீர் இறங்கும். இரண்டு தம்ளருக்கு இது போதும். வெயிலில் வைத்து ஊறவைப்பது பாதுகாப்பானது அல்ல. அந்தச் சூடு நுண்ணுயிர்களைக் கொல்லாது, வளர்க்கும்.

பால் தவிர்ப்பவர்கள் ஓட்ஸ் பாலைப் பயன்படுத்துகிறார்கள். அதன் இயல்பான இனிப்பு வனிலாவோடு சேரும். பாகைச் சற்றுக் குறைக்கலாம். சோயா பால் சூடான தேநீரில் திரியக்கூடும், ஆனால் குளிர்ந்த டிக்காஷனில் அந்தச் சிக்கல் குறைவு. தேயிலைக்குப் பதிலாகத் தென்னாப்பிரிக்காவின் ரூய்போஸ் செடியின் இலையைக் கொண்டு செய்வது கேப் டவுன் ஃபாக் எனப்படும். அதில் காஃபீன் இல்லை. டுவைனிங்ஸின் லேடி கிரே கலவையில் பெர்கமோட்டுடன் ஆரஞ்சு, எலுமிச்சைத் தோல்களும் இருப்பதால் லாவெண்டரைக் குறைத்தாலும் மணம் குன்றாது.

உடல்நலக் குறிப்புகள்

தேயிலையின் எடையில் 2 முதல் 4 விழுக்காடு வரை காஃபீன் இருக்கும். ஆகவே 6 கிராம் தேயிலையில் குறைந்தது 120 மி.கி. காஃபீன் உண்டு, நான்கு நிமிட ஊறலில் அதில் பெரும்பகுதி இறங்கிவிடும். கர்ப்பிணிகள் ஒரு நாளில் 200 மி.கி.க்கு மேல் போகாமல் இருப்பது நல்லது என ஐரோப்பிய உணவுப் பாதுகாப்பு ஆணையம் 2015இல் கூறியது. காபிக்கு மாற்றாகப் பிறந்ததாகச் சொல்லப்படும் பானம் என்றாலும், கெட்டியாகச் செய்யும்போது இது ஒரு கோப்பைக் காபிக்குக் குறைந்ததல்ல. மேற்கண்ட அளவில் பாகிலிருந்து சுமார் 12 கிராம் சர்க்கரையும் சேர்கிறது.

பெர்கமோட் எண்ணெயில் பெர்காப்டன் என்ற சேர்மம் உண்டு. தோலில் பட்டு வெயிலும் பட்டால் அது தோலைப் புண்ணாக்கும். நாளொன்றுக்கு 4 லிட்டர் வரை ஏர்ல் கிரே குடித்த ஒருவருக்குத் தசைப்பிடிப்பு ஏற்பட்டு, சாதாரணத் தேநீருக்கு மாறியபின் நீங்கியதை லான்செட் மருத்துவ இதழ் 2002இல் பதிவு செய்தது. அன்றாடம் ஓரிரு தம்ளர் குடிப்பவர்களுக்கு இது பொருந்தாது. ஆனால் அழகுப்பொருள் கடையில் வாங்கிய பெர்கமோட், லாவெண்டர் எண்ணெய்களைப் பானத்தில் நேரடியாகச் சொட்டுவதைத் தவிர்க்கவேண்டும். அவை உணவுக்கென ஆக்கப்பட்டவை அல்ல. ஒரு துளியின் செறிவும் ஒரு தம்ளருக்கு மிக அதிகம். உலர்ந்த லாவெண்டர் வாங்கும்போதும் உணவுப் பயன்பாட்டுக்கு உரியது எனப் பொட்டலத்தில் அச்சிட்டிருப்பதைப் பார்த்து வாங்கவேண்டும். அலங்காரத்துக்கு விற்கும் பூவில் பூச்சிமருந்து தங்கியிருக்கலாம்.